பரிசை கடல் கடந்த கதை

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் ஒரு வாளின் கதையைச் சொல்வார்கள். டச்சுக்காரர்களோடு மோதப் புறப்படுமுன் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா இங்கே வந்தார், தன் வாளைப் பெருமாள் முன்னால் வைத்து வணங்கி எடுத்துப் போனார், 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் கடற்கரையில் வென்றார் என்று. 22 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். அந்த வாளை எந்த வாசலில் வைத்திருப்பார்கள் என்று சின்ன வயதில் யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது என்னைப் பிடித்து ஆட்டுவது வேறொரு கேள்வி. வாள் வலது கைக்கு. இடது கையில் என்ன இருந்தது?

பரிசை இருந்தது.

பரிசை என்றால் கேடயம். கேடயம் என்ற சொல்லை எல்லோரும் அறிவார்கள், ஏனென்றால் பள்ளி விளையாட்டு விழாவில் அதைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அதற்கும் பழைய சொற்கள் நம்மிடம் உண்டு. சங்கப் பாடல்களில் அது தோல், கிடுகு. கிடுகு இன்று யாழ்ப்பாணத்தில் கூரை வேய்கிற முடைந்த தென்னோலை. பரிசையோ தமிழகத்தின் பெரும்பகுதியில் அகராதிக்குள் ஒடுங்கிவிட்டது. மலையாளத்தில் மட்டும் 'பரிச' என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. களரியில் வாளும் பரிசயும் என்று இணைத்தே சொல்வார்கள். அம்பலப்புழைக் கோயிலின் வேலகளியில் ஆடுகிறவர்கள் வண்ணம் தீட்டிய பரிசையோடு அணிவகுத்து வருவார்கள். சிரியன் கிறிஸ்தவர்களுக்குப் பரிசமுட்டுக்களி என்று ஒரு கூத்து உண்டு. கேரளத்தை ஒட்டிய நம் கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஆசான்மார் வாயிலும் அந்தச் சொல் கிடந்தது.

எனக்கு அடிமுறை என்ற நம் பக்கத்துப் போர்க்கலையின் முதல் சுவடுகளைச் சொல்லித்தந்த ஆசான் அப்படி ஒருவர். தென்னந்தோப்பில் ஓலைத்தட்டி மறைத்த ஒரு திடல்தான் அவருடைய களரி. வடக்கன் களரியைப் போலக் குழி வெட்டி, 42 அடி நீளம் 21 அடி அகலம் என்று கணக்கு வைத்துக் கட்டியதல்ல. அங்கே பரசுராமர் பேரைச் சொல்வார்கள், இங்கே அகத்தியர் பேரை. நெடுங்கம்பு, குறுந்தடி, கத்தி, வெறுங்கை, அதற்கப்பால் வர்மம். வாளும் பரிசையும் அவர் கையில் இருந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் கம்பு பிடிக்கக் கற்கும்போது இடது கை தொங்கினால் போதும், கமுகம்பாளை ஒன்றை மடக்கி அந்தக் கையில் திணித்துவிடுவார். "மக்களே, எடங்கை ஒறங்கப்படாது. இதுதான் ஒனக்கப் பரிசை." பாளையில் அடி விழும்போது தோலில் விழுவதுபோல ஒரு மொத்தமான சத்தம் வரும். அன்று அது விளையாட்டு. அவருடைய ஆசானுக்கும் அந்த ஆசானின் ஆசானுக்கும் அது விளையாட்டாக இருந்திருக்காது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

பிறகு என்றால், ஒரு மலாய் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த மாலையில். கப்பலுக்கு அவர்கள் காப்பல் என்கிறார்கள், கடைக்குக் கடாய், கட்டிலுக்குக் காத்தில், மாம்பழத்துக்கு மெம்பெலாம், முதலீட்டுக்கு மோடால். இவை தமிழிலிருந்து போனவை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். அந்த வரிசையில் 'பெரிசாய்' என்று ஒரு சொல். பொருள், கேடயம். மூலம், தமிழ். நான் பாளையைப் பிடித்த இடது கையை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

ஒரு சொல் கடைத்தெருவோடு போவது எளிது. மாம்பழம் விற்றவன் மாம்பழத்தின் பெயரையும் விற்றான். போர்க்கருவியின் பெயர் அப்படிப் போகாது. அதை ஏந்திக்கொண்டு யாராவது போக வேண்டும். யார் போனார்கள் என்பதற்கு நம் பக்கத்திலும் அந்தப் பக்கத்திலும் கல்லிலும் செம்பிலும் தடயங்கள் இருக்கின்றன.

திருவட்டாற்றைச் சுற்றி வளைத்து ஓடும் கோதையும் பறளியும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலைத் தொடுகின்றன. அந்தக் கழிமுகத்திலிருந்து அதிக தூரமில்லாத முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரம். அங்கே ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் ஒரு கோயிலையும் அதோடு ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் சட்டர்கள் தங்கிப் படிக்கும் இடம். 95 பேருக்கு இடம். அந்தச் செப்பேட்டில் சட்டர்களுக்கு விதித்த ஒழுங்குகளில் ஒன்று, கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்பது. வராதவர்களுக்கு எவரும் வராதே என்று விதி எழுத மாட்டார்கள். வேதமும் இலக்கணமும் படித்த அந்தப் பிள்ளைகளின் இடுப்பில் ஆயுதம் இருந்தது. நம் பக்கத்தில் படிப்புக்கும் படைக்கும் நடுவே சுவர் இருக்கவில்லை.

வணிகத்துக்கும் படைக்கும் நடுவேயும் அப்படித்தான். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பா என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஒரு குளம் வெட்டியதையும், அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம் என்பதையும் சொல்கிறது. மணிக்கிராமம் வணிகர் குழு, சேனாமுகம் படைமுகாம். ஒரே குளத்தின் காவலுக்கு இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். சுமத்ராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவினுடையது. அந்தக் குழுவின் சரக்குகளுக்குக் காவலாகப் போனவர்களை எறிவீரர் என்று நம் ஊர்க் கல்வெட்டுகள் அழைக்கின்றன, அவர்கள் காத்த ஊர்கள் எறிவீரப்பட்டினங்கள். இவற்றுக்கு நடுவே 1025இல் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பும் இருக்கிறது. ஆனால் என் மனம் சோழக் கப்பற்படையைவிட அந்தக் காவல்காரர்கள் பக்கமே சாய்கிறது. படையெடுத்தவன் வந்து போய்விடுவான். கற்பூரம், மிளகு, துணி மூட்டைகளுக்கு நடுவே மழைக்காலம் முழுக்கத் துறைமுகத்தில் தங்கி, மாலையில் உள்ளூர்க்காரனோடு பயிற்சி செய்தவன் வாயிலிருந்துதான் சொல் இறங்கியிருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கேடயம் என்ற பொருளை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஜாவாவில் 800 வாக்கில் எழுந்த போரோபுதூரின் புடைப்புச் சிற்பங்களிலேயே வாளும் கேடயமும் பிடித்த வீரர்கள் நிற்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டு அங்கோர் வாட்டின் சுவர்களில் படைகள் கேடயத்தோடு அணிவகுக்கின்றன. பாலியில் கேடயத்துக்குத் தமியாங் என்று தனிச் சொல் உண்டு. குனிங்கான் பண்டிகையில் தென்னங்குருத்தால் வட்டத் தமியாங் பின்னி வாசலில் தொங்கவிடுகிறார்கள். மலாயிலேயே சிறிய வட்டக் கேடயத்துக்கு உத்தார்-உத்தார் என்றும், பெரியதற்கு ஜெபாங் என்றும் சொற்கள் இருந்தன. இத்தனை இருந்தும் நம் சொல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக மேலேறி உட்கார்ந்தது என்றால், அதை ஏந்தியிருந்த கைகளுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தென்கிழக்காசிய வாள்வித்தையை நம் களரியோடும், ஜப்பானியக் கலையோடும், ஐரோப்பிய வாள் விளையாட்டோடும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வாளைத்தான் அளக்கிறார்கள். எது நீளம், எது வளைவு, எந்த இரும்பு. ஆசானின் கமுகம்பாளை எனக்குச் சொன்னது வேறு. ஒரு கலையின் உடம்பு எப்படி நிற்கிறது, எப்படி நகர்கிறது என்பதைத் தீர்மானிப்பது இடது கை.

வாளும் பரிசையும் பிடித்த களரிக்காரனைப் பாருங்கள். அவன் கையில் இருப்பது சிறிய வட்டப் பரிசை. அதற்குள் முழு உடம்பையும் ஒளிக்க முடியாது. அதனால் உடம்பைச் சுருக்குகிறான். முழங்கால் மடங்கி, இடுப்பு தரையை நோக்கி இறங்கி, தலை பரிசையின் விளிம்புக்குப் பின்னால் போகிறது. அங்கிருந்து ஒரே துள்ளல். களரியின் அந்தத் தாழ்வும் பாய்ச்சலும் விலங்குகளைப் பார்த்துக் கற்றவை என்பார்கள். பரிசையின் அளவும் அவற்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்பேன் நான். 1516 வாக்கில் மலபாரைப் பற்றி எழுதிய துவார்த்தே பார்போசா, நாயர் பிள்ளைகளை ஏழு வயதிலேயே பள்ளியில் விட்டு, எண்ணெய் பூசி உடம்பை வளைத்துப் பழக்குகிறார்கள் என்று வியந்திருக்கிறார். அவ்வளவு வளைந்தால்தான் அவ்வளவு சிறிய வட்டத்துக்குப் பின்னால் வாழ முடியும்.

மலாய்க்காரனின் கிரிஸ் வேறு கணக்கு. அது குத்துகிற ஆயுதம், கைப்பிடி வளைந்து உள்ளங்கைக்குள் உட்கார்ந்துவிடும், அலகின் அலைகள் எப்போதும் ஒற்றைப்படை எண்ணில் வரும். குத்த வேண்டுமானால் மிக நெருங்க வேண்டும். நெருங்கிய இடத்தில் அகலமான கேடயம் இடைஞ்சல். ஆகவே இடது கை இரண்டாவது கிரிஸைப் பிடித்தது, அல்லது உறையையே பிடித்துத் தடுத்தது, அல்லது வெறுங்கையாக எதிரியின் மணிக்கட்டைத் தேடியது. மலாய்க்காரர்களின் போர்க்கலையான சிலாட்டின் பூப்போன்ற கையசைவுகளை ஆட்டம் என்று நினைக்கிறவர்கள் அந்த இடது கையைக் கவனிக்கவில்லை. தாய்லாந்தின் ஆயுதக் கலையான கிராபி கிராபோங்கில் கேன், தாங், லோ என்று கேடய வகைகளும் உண்டு, ஆனால் அதன் உச்சம் இரட்டை வாள். இடது வாள்தான் அங்கே கேடயம். பிலிப்பைன்ஸில், 2009இல் தேசியத் தற்காப்புக் கலையாகச் சட்டம் போட்டு அறிவித்த அர்னிஸில், ஆயுதமில்லாத இடது கைக்கு 'காவல் கை' என்றே பெயர். எடங்கை ஒறங்கப்படாது என்று அங்கும் யாரோ ஒரு ஆசான் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார்.

பிலிப்பைன்ஸின் மாக்தான் கரையில் 1521 ஏப்ரல் 27 அன்று மெகல்லன் வெட்டுப்பட்டு விழுந்ததைக் கூட இருந்த பிகாஃபெட்டா எழுதிவைத்தார். துப்பாக்கிகளும் குறுக்குவில்களும் அரை மணி நேரம் தொலைவிலிருந்து சுட்டும் பயனில்லை, குண்டுகள் மெல்லிய மரக் கேடயங்களைத் துளைத்து அப்பால் போயின, வீரர்கள் கலையவில்லை என்கிறார். கேடயம் குண்டைத் தடுக்கவில்லை. ஆனால் அதன் பின்னால் குதித்துக்கொண்டே இருந்த உடம்பை எங்கே குறிவைப்பது என்று சுட்டவனுக்குத் தெரியவில்லை. இதை வாசித்தபோது களரித் துள்ளல்தான் என் கண்ணில் வந்தது.

ஜப்பானில் கதை வேறு. சாமுராய் முதலில் குதிரைமேல் வில் எய்தவன். வில்லுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் கேடயம் தோளுக்கு ஏறிக் கவசத்தின் அகலமான பலகையாகத் தொங்கியது. பின்னால் வாள் வந்தபோதும் இரண்டு கையும் பிடியிலேயே நின்றன. ஐரோப்பாவில் கேடயம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் வாளின் பிடியைச் சுற்றிக் கிண்ணமாக ஒட்டிக்கொண்டது. நம்மிடமும் அந்தச் சுருக்கம் நடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் இருக்கின்றன. சிலவற்றில் கைக்கு மேல் சிப்பி கவிழ்த்ததுபோல ஒரு தகடு. பரிசையின் பேரப்பிள்ளை அது.

தென்கிழக்காசிய அலகுகளில் இந்தக் கைமறைப்பு பெரும்பாலும் இல்லை. பராங், கோலோக், கிளெவாங் எல்லாம் காட்டில் கொடி வெட்டப் பிறந்தவை. கொடி திருப்பி வெட்டாது, கைக்கு மறைப்பு எதற்கு? மனிதனோடு மோத வேண்டி வந்தபோது மறைப்பு தனியாக இடது கையில் வந்தது. அச்சேயில் அது எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பிரியமான பகுதி. சுமத்ராவின் அந்த வடகோடி மக்கள் கேடயத்தைப் 'பெரிசே' என்கிறார்கள். பிரம்பை வட்டமாகச் சுற்றிப் பின்னியது பெரிசே ஆவே. பித்தளையில் வார்த்தது பெரிசே தெமாகா. பிரம்புப் பரிசையின் அழகு, வெட்டு விழுந்தால் அது பிளக்காது. வாளைக் கவ்வும். கவ்விய அந்த நொடி போதும் வலது கைக்கு. மரமும் தோலுமாக இங்கிருந்து பெயரெடுத்த ஒன்று அந்த ஊரின் பிரம்புக்குள் குடிபுகுந்து, அந்த ஊரின் பொருளாகவே ஆகிவிட்டது. சொல்லுக்கு வயது ஏற ஏற உடம்பு மாறுகிறது.

அந்தப் பரிசையின் எதிரே வந்து நின்றவர்கள் யார் தெரியுமா? குளச்சலில் நம்மிடம் தோற்ற அதே டச்சுக்காரர்கள். 1873இல் தொடங்கிய அச்சே போர் அவர்களைப் பல பத்தாண்டுகள் காட்டுக்குள் அலைக்கழித்தது. நீண்ட துப்பாக்கி புதரில் உதவவில்லை. கடைசியில் எதிரியின் கிளெவாங்கையே எடுத்து, அதன் பிடியில் கையை மூடும் இரும்புக் கிண்ணம் ஒன்றை மாட்டி, 1898இல் தங்கள் படைக்கு ஆயுதமாக்கினார்கள். அதைப் பார்த்து அமெரிக்கக் கடற்படை 1917இல் தனக்கு ஒரு வெட்டுவாள் செய்துகொண்டது. அச்சேக்காரன் இடது கையில் பிடித்த பரிசையை டச்சுக்காரன் வலது கைப் பிடியோடு சேர்த்துப் பற்றவைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே என்ன ஆயிற்று? பரிசை இங்கே செத்த இடத்தைக் கைகாட்டிச் சொல்லலாம். திருவட்டாற்றிலிருந்து தக்கலை போய், புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் உதயகிரிக் கோட்டை. குளச்சலில் பிடிபட்ட யூஸ்டாக்கியுஸ் தெ லனாய் மார்த்தாண்ட வர்மாவின் பணியில் சேர்ந்து, வலிய கப்பித்தான் ஆகி, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் துப்பாக்கியும் பீரங்கியும் பழக்கியது அங்கேதான். 1777இல் இறந்தார். கல்லறையில் லத்தீனோடு தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். வரிசையில் நின்று சுடுகிறவனுக்கு இரண்டு கையும் துப்பாக்கிக்கு. இடது கையிலிருந்து பரிசையைப் பிடுங்கியது எதிரியல்ல, அந்த வரிசை.

மிச்சமிருந்ததை 1809 முடித்தது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்து, மண்ணடியில் உயிர்விட்ட பிறகு திருவிதாங்கூரின் நாயர் படையில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டார்கள். வேலுத்தம்பியின் வாள் கிளிமானூர் அரண்மனையில் பத்திரமாக இருந்து, டெல்லிக்குப் போய், 2010இல் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தது. வாளுக்கு அப்படி ஒரு வரலாறு எப்போதும் கிடைக்கும். பரிசைக்குக் கிடைக்காது. தோலைப் பூச்சி தின்னும், மரம் அடுப்புக்குப் போகும். ஆயுதம் போன பிறகு நம் ஆசான்மார் மிஞ்சியதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். கம்பு, கை, வர்மம். எங்கள் தெக்கன் முறை இவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது, கையாலேயே எல்லாவற்றையும் தடுக்கிறது என்றால், பரிசை இருந்த இடத்தைக் கை நிரப்பிக்கொண்டது என்பதும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

லொம்போக் தீவில் சாசாக் மக்கள் இன்றும் ஒரு போட்டி நடத்துகிறார்கள். பெயர் பெரெசேயான். அதில் எனக்குப் பெரிசாய் கேட்கிறது. மேலாடையில்லாத இரண்டு பேர், வலது கையில் பிரம்பு, இடது கையில் எருமைத்தோல் கேடயம். ஒரு காலத்தில் மழை வேண்டி ஆடியது. தலையில் ரத்தம் வந்தால் ஆட்டம் முடிந்தது, அடித்தவனும் பட்டவனும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அதன் படத்துண்டு ஒன்றைக் கைபேசியில் ஆசானிடம் காட்டப் போனேன். இப்போது அவருக்குப் பார்வை மங்கல், கைபேசியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பிரம்பு தோலில் விழும் அந்த மொத்தமான சத்தம்.

பிறகு இந்தோனேசிய அரசுச் சின்னத்தையும் காட்டினேன். 1950 பிப்ரவரி 11 அன்று ஏற்றுக்கொண்டது, சிறகு விரித்த கருடன். பொந்தியானாக் சுல்தான் ஹமீத் வடிவமைத்தது. ஒவ்வொரு சிறகிலும் 17 இறகு, வாலில் 8, கழுத்தில் 45. அவர்கள் விடுதலையை அறிவித்த நாளும் மாதமும் ஆண்டும். கழுத்துச் சங்கிலியில் நெஞ்சின்மேல் தொங்குகிறது ஒரு கேடயம், நட்சத்திரம், சங்கிலி, ஆலமரம், காட்டெருமைத் தலை, நெல்லும் பருத்தியும் தாங்கி. அவர்களுடைய சட்டத்தில் அதன் பெயர் பெரிசாய். அங்கே வகுப்பறைதோறும் இந்தப் படம் மாட்டியிருக்கும் என்றேன்.

ஆசான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "கருடனா?" என்று கேட்டார். கோயில் இருந்த திசைக்கு முகம் திரும்பியது.

"ஆமா ஆசானே."

"அதுக்க நெஞ்சில கெடக்குததுக்கு அங்கேயும் பரிசைன்னுதான் சொல்லுகானுவளா?"

"பெரிசாய்ங்கிறாங்க."

அவருடைய இடது கை மடியிலிருந்து எழுந்து, விரல்கள் எதையோ பற்றினதுபோல மூடி, நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.